ஒரு குவார்ட்டர் அடிச்சா எத்தனை மணி நேரம் கழிச்சு வண்டி எடுக்கலாம்?

கள்ளந்திரி வாய்க்கால்:

மாசி சிவராத்திரி முடிஞ்சதும் நம்ம பக்கம் குலதெய்வக் கோயில் கிடாவெட்டு வரிசையா ஆரம்பிச்சுரும். உசிலம்பட்டி, செல்லம்பட்டி, பேரையூர்னு எங்குட்டுப் பார்த்தாலும் தோப்புக்குள்ள ஐம்பது அறுபது பைக் நிக்கும். மதியம் கறிச்சோறு. அதுக்கு முன்னாடி தோப்புக்குப் பின்னாடி பாட்டில். நாலு மணிக்கு எல்லாரும் வண்டியக் கிளப்புவாங்க. எல்லா விருந்துலயும் ஒரே கேள்விதான் வருது: "ரெண்டு மணி நேரம் தூங்கியாச்சு, நல்லா சாப்பிட்டாச்சு, இப்ப எடுக்கலாம்ல?"

விவரம் தெரிஞ்சவங்க கணக்கோட பதில் சொல்லுங்க. விருந்து வைக்கிற வீட்டுக்காரங்க என்ன ஏற்பாடு செய்யலாம்ங்கிறதையும் சேர்த்துச் சொல்லுங்க. வெறும் "குடிக்காதீங்க"ன்னு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க.

வைகை வடகரை:

கணக்கே போட்டுருவோம்.

குவார்ட்டர்னா 180 மி.லி. பிராந்தி, விஸ்கி, ரம் எதுவா இருந்தாலும் நம்ம கடைச் சரக்குல 42.8 சதவீதம் ஆல்கஹால். பாட்டில் லேபிளிலயே இருக்கும். அப்ப சுத்த ஆல்கஹால் 77 மி.லி. ஆல்கஹால் தண்ணியை விட லேசு, 0.79 ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 61 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆம்பளை உடம்புல ஆல்கஹால் பரவுற பகுதி சுமார் 44 கிலோ. 61 கிராமை அதுல கலந்தா, ரத்தத்துல 100 மி.லி.க்கு ஏறக்குறைய 140 மி.கி. சட்டம் அனுமதிக்கிறது 30 மி.கி.

கல்லீரல் மணிக்கு சராசரியா 15 மி.கி. அளவுதான் குறைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். ஆனா யாராலயும் அதை அவசரப்படுத்த முடியாது. இப்ப பாருங்க:

கட்டிங் (90 மி.லி.): சுமார் 70 மி.கி. சட்ட அளவுக்கு இறங்க 2 மணி 40 நிமிஷம், முழுசாத் தெளிய அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி.

ஸ்ட்ராங் பீர் ஒண்ணு (650 மி.லி., 8 சதவீதம்): சுமார் 93 மி.கி. சட்ட அளவுக்கு 4 மணி நேரத்துக்கு மேல. "பீர் தான மாப்ள"ன்னு சொல்றவங்க கவனிக்கணும், இது கட்டிங்கை விட அதிகம்.

ஒரு குவார்ட்டர்: சட்ட அளவுக்கு 7 மணி 20 நிமிஷம். முழுசாத் தெளிய 9 மணி நேரத்துக்கு மேல.

குடிக்க ஆரம்பிச்ச நேரத்துல இருந்து இந்த மணிக்கணக்கு. தோப்புல 11 மணிக்கு ஆரம்பிச்சு ஒரு குவார்ட்டர் போட்டவர் 4 மணிக்கு வண்டிய எடுத்தா, அப்ப அவர் ரத்தத்துல 65 மி.கி. இருக்கும். சட்ட அளவு மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல. தூங்கி எழுந்ததால முகம் தெளிஞ்ச மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

50 கிலோ எடைக்காரருக்கு எல்லா எண்ணும் கூடும். பெண்கள் உடம்புல நீர்ப்பங்கு குறைவு, அதனால அதே அளவுக்கு இன்னும் கூடும். 30-ஐ "பத்திரமான அளவு"ன்னு எடுத்துக்காதீங்க. அது தண்டனை ஆரம்பிக்கிற இடம். கண்ணும் கையும் அதுக்கு முன்னாடியே தடுமாற ஆரம்பிச்சுரும்.

பழங்காநத்தம் பாண்டி:

அண்ணே, கணக்கு சரி. ஆனா மோர், எலுமிச்சை ஜூஸ், தலைக்குக் குளியல், ஒரு ஸ்ட்ராங் காபி, இதெல்லாம் வேலை செய்யுதே? குடிச்சுப் பழகினவங்க நிதானமாத்தான் ஓட்டுறாங்க.

வைகை வடகரை:

பாண்டி தம்பி, எதுவும் வேலை செய்யாது. காபி தூக்கத்தைக் கலைக்கும், ஆல்கஹாலைக் கலைக்காது. தூங்கி வழியிற ஆளு எங்கயாவது படுத்துருவான்; காபி குடிச்ச ஆளு முழிச்சுக்கிட்டு வண்டிய எடுப்பான், அதனால அது இன்னும் ஆபத்து. சாப்பாடு வயித்துல இருந்து ரத்தத்துக்குப் போற வேகத்தைக் குறைக்கும். உச்சம் கொஞ்சம் தாழும். உள்ள போனதை வெளிய எடுக்காது.

பழக்கம்ங்கிறது இன்னொரு ஏமாத்து. பழகினவருக்கு நாக்கு குழறாது, நடை தள்ளாடாது. அதனால தனக்கு ஒண்ணும் ஆகலைன்னு நம்புவார். ஆனா ஒரே நேரத்துல கண்ணாடியப் பார்த்து, கியரைக் குறைச்சு, குறுக்க வர்ற ஆட்டைக் கவனிக்கிற வேலையில தடுமாற்றம் அப்படியேதான் இருக்கும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல நிறைய நடக்குறது இதுதான். பார்ல நின்னுக்கிட்டே பத்து நிமிஷத்துல ஒரு குவார்ட்டரை இறக்கிட்டு உடனே வண்டிய எடுக்கிறது. ஆல்கஹால் உச்சத்துக்கு வர அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுல கிளம்பும்போது "நல்லாத்தான இருக்கேன்"னு தோணும். நாகமலை புதுக்கோட்டை தாண்டும்போது ஏறிக்கிட்டு இருக்கும். செக்கானூரணிக்கு அங்குட்டு, இருட்டுல, உச்சத்துல இருப்பார். கிளம்பும்போது எடுத்த முடிவு வழியில செல்லாமப் போயிருது.

செக்கானூரணி டூல்கிட்:

வண்டி பக்கம் நான் சொல்றேன்.

மணிக்கு 60-ல போற பைக் ஒரு செகண்டுக்கு 16.7 மீட்டர் போகும். நிதானமா இருக்கிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு செகண்ட்னு வைங்க. அப்புறம் ரெண்டு பிரேக்கையும் ஒழுங்காப் பிடிச்சா காய்ஞ்ச ரோட்டுல 23 மீட்டர்ல நிக்கும். மொத்தம் 40 மீட்டர். டிம்முல ஹெட்லைட் காட்டுற தூரமும் கிட்டத்தட்ட அதுதான்.

குடிச்சவருக்கு அரை செகண்ட் தாமதம்னு மட்டும் வைங்க. அதே 40-வது மீட்டர்ல ரிஃப்ளெக்டர் இல்லாத டிராக்டர் டிரெய்லர் நிக்குது. முதல் ஆள் முட்டாம நின்னுட்டார். இவர் அதே பிரேக்கை அதே மாதிரி பிடிச்சாலும் மணிக்கு 36 கி.மீ. வேகத்துல போய் மோதுவார். அரை செகண்டுக்கு அவ்வளவு விலை.

ஆனா இவர் அதே மாதிரி பிடிக்க மாட்டார். பதட்டத்துல பின் பிரேக்கை மட்டும் மிதிப்பாங்க. பிரேக் பிடிக்கும்போது வண்டி எடை முன்னாடி சாயும், பின் சக்கரத்துக்குப் பிடிப்பு குறையும். அது பூட்டிக்கிட்டு வண்டி பக்கவாட்டுல இழுக்கும். பின் பிரேக் மட்டும்னா அதே இடத்துல மோதுற வேகம் 47 வரைக்கும் நிக்கும்.

"ஏபிஎஸ் வண்டி வச்சிருக்கேன்"னு சொல்றவங்க கவனிங்க. 125 சிசிக்கு மேல வர்ற புது வண்டிக்கெல்லாம் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம். பல வண்டியில அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். சக்கரம் பூட்டாமப் பார்த்துக்கும். அரை செகண்ட் லேட்டாப் பிடிச்சதை அது ஈடு கட்டாது. வளைவுல சாய்ஞ்சு இருக்கும்போது பிரேக்கை அமுக்கினா அதுவும் கை கொடுக்கும்னு நம்பிறாதீங்க.

சேர்த்து ஹெல்மெட். குடிச்சவங்க தலையில மாட்டுவாங்க, ஸ்ட்ராப்பை மாட்ட மாட்டாங்க. கிளிப் போடாத ஹெல்மெட் முதல் அடியிலயே பறந்துரும், ரெண்டாவது அடி தலைக்கு. தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவுக்கு இறுக்கணும்.

பழங்காநத்தம் பாண்டி:

எல்லாம் சரிங்கண்ணே. ஆனா பழியப் பூரா ஓட்டுறவன் தலையிலயே போடுறது நியாயமா? கடைய நடத்துறது அரசாங்கம். பைக் ஸ்டாண்டோட பார். ரோட்டுல பெயிண்ட் அடிக்காத வேகத்தடை. லைட் இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல எங்க கிராமத்துக்கு பஸ் இல்ல. இதையெல்லாம் யாரு கேக்குறது?

நீதிமன்ற வாசல்:

கேட்டிருக்கிறார்கள். "தமிழ்நாடு அரசு எதிர் கே. பாலு" வழக்கு நம் மாநிலத்திலிருந்தே போனது. 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. பிறகு சிறிய ஊர்களுக்கு அது 220 மீட்டர் ஆனது. நகர எல்லைக்குள் போகும் சாலைகளுக்குத் தளர்வும் வந்தது. சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில்தான் இருக்கிறது. அரசைக் கேள்வி கேட்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் வழக்கு எண் போடும்போது அந்த வாதம் யாரையும் காப்பாற்றாது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 ஓட்டியவரை மட்டுமே கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். அடுத்த தடவைக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தை முடக்கவும் வழி இருக்கிறது.

பலருக்குத் தெரியாதது பிரிவு 188. இந்தக் குற்றத்துக்குத் தூண்டுதலாக இருந்தவருக்கும் அதே தண்டனை. குடித்தவரிடம் "நீயே ஓட்டு" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்காருபவர், தான் வெறும் பயணி என்று சொல்லித் தப்ப முடியும் என்று நினைக்க வேண்டாம்.

ஊதவே மறுத்தால்? சரியான காரணம் இல்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது பிரிவு 205. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நமக்கான பாதுகாப்பு.

இனி குடும்பங்கள் அடிபடும் இடத்துக்கு வருகிறேன். வண்டி இன்சூரன்சோடு சேர்த்து உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு எடுக்கிறோம். போதையில் நடந்த விபத்துக்கு அது கிடையாது என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. வண்டி சேதத்துக்கான பணமும் கிடையாது. எதிரே வந்து அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், கொடுத்ததை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் அனுமதித்த வழக்குகள் நிறைய. வீடும் நிலமும் அதில்தான் போகிறது.

ஆஸ்பத்திரியில் போடும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் "மது வாடை" என்று ஒரு வரி இருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். வாடை மட்டும் போதாது என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு. ஆனால் ரத்த, மூச்சுப் பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளை வைத்துக் கம்பெனி நிரூபிக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசோதனை நடக்கவில்லை என்பதை நம்பி இருக்க முடியாது.

ஆண்டிபட்டி கணவாய்:

பாண்டி தம்பி சொன்னதுல ஒண்ணு மட்டும். ரோட்டுல லைட் இல்ல, வேகத்தடையில பெயிண்ட் இல்லைங்கிறது நமக்கு முன்னாடியே தெரியும்ல? தெரிஞ்ச ரோடு மோசமா இருந்தா இன்னும் நிதானமாத்தான் இருக்கணும். அது குடிச்சிட்டு ஓட்டுறதுக்குச் சமாதானம் ஆகாது.

இரவுப்பணி செவிலியர்:

விபத்துக்குப் பிறகு நடக்கும் தவறுகளை எழுதுகிறேன். குடித்திருந்தவர் விழுந்தால் கூட இருப்பவர்களும் குடித்திருப்பார்கள். அதனால் இதை நிதானத்தில் இருக்கும்போதே படித்து மனதில் வையுங்கள்.

முதல் தவறு, "போதையில கிடக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று திண்ணையில் படுக்க வைப்பது. தலையில் அடிபட்ட மயக்கமும் போதை மயக்கமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சிலர் விழுந்து எழுந்து நன்றாகப் பேசுவார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் சேரச் சேர, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நினைவு போகும். குடித்தவர் கீழே விழுந்து தலை பட்டிருந்தால், அது தலைக்காயம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன் பார்த்த பிறகுதான் போதை என்று சொல்லலாம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்: திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, ஒரு பக்கக் கை கால் வலுக் குறைவது, வலிப்பு, காது மூக்கிலிருந்து ரத்தமோ தெளிந்த நீரோ வழிவது, எழுப்ப எழுப்பக் குறட்டை மாதிரி மூச்சு.

இரண்டாவது தவறு, வாயில் எதையாவது ஊற்றுவது. தண்ணீர், மோர், காபி எதுவும் வேண்டாம். போதையில் தொண்டையின் காப்பு உணர்வு மந்தமாக இருக்கும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இருந்து நினைவு இல்லாவிட்டால், தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒரே கோட்டில் பிடித்தபடி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஒருவர் தலையை மட்டும் பிடிக்கட்டும்.

மூன்றாவது, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றுவது. மூச்சு நன்றாக இருந்தால் முன் கண்ணாடியைத் திறந்துவிட்டு அப்படியே விடலாம். மூச்சு அடைத்தால் மட்டும் கழற்றுங்கள்: ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் அசையாமல் தாங்க, மற்றவர் மெதுவாக மேலே இழுக்க வேண்டும்.

108-ஐ அழைத்து "தலையில் அடி, குடித்திருக்கிறார், இத்தனை மணிக்கு விழுந்தார்" என்று மூன்றையும் சொல்லுங்கள். போலீசுக்குப் பயந்து குடித்ததை மறைக்காதீர்கள். மயக்க மருந்து கொடுப்பவர் அதைத் தெரிந்தே ஆக வேண்டும். பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரம்புக்கு உட்பட்டு, அரசு ஏற்கிறது. பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, திட்டத்தில் இருக்கும் தனியார் மருத்துவமனைக்கும் அது பொருந்தும்.

மினியாபொலிஸ் மதுரைக்காரர்:

நம்ம பசங்க கொடைக்கானல், சிறுமலைக்கு பைக்ல போய் "குளிருக்கு ஒரு கட்டிங்"னு சொல்றதைப் பத்தி இங்க யாரும் எழுதலை. நான் இருக்கிற மின்னசோட்டாவுல இதே பேச்சு ஸ்னோமொபைல் விஷயத்துல ஓடும். அது பனி மேல ஓடுற, ஸ்கூட்டர் மாதிரி ஹேண்டில் வச்ச வண்டி. உறைஞ்ச ஏரி மேல ராத்திரி ஓட்டுவாங்க, வழியில பாருக்குப் பாரு நிறுத்துவாங்க.

ஆல்கஹால் குளிரை விரட்டாது. தோலுக்குப் போற ரத்தக்குழாயை விரிக்கும். சூடான ரத்தம் தோலுக்கு வர்றதால கதகதன்னு இருக்கும். உள்ளுறுப்புல இருக்கிற சூடு அந்த வழியாவே வெளிய போயிரும். நடுக்கமும் குறையும், அதனால உடம்பு குளிருதுன்னு எச்சரிக்கவும் செய்யாது. 50 கி.மீ. வேகத்துல காத்து முகத்துல அடிச்சா விரல் மரத்துப் போகும், பிரேக் லிவர் கைக்குத் தெரியாது. கொடைக்கானல்ல மார்கழி ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ இறங்குற நேரத்துலயும் இதேதான் நடக்கும்.

இங்க தெளிந்த ஐஸ் 5 முதல் 7 அங்குலம் கனம் இருந்தாத்தான் ஸ்னோமொபைல் ஓட்டலாம்னு சொல்வாங்க. நீரோட்டம் இருக்கிற இடத்துல அதுவும் நம்ப முடியாது. போதையில இருக்கிறவர் எங்க அளந்து பார்ப்பார்? ஹெட்லைட் காட்டுற தூரத்துக்குள்ள நிறுத்த முடியாத வேகத்துல போய் திறந்த தண்ணியில விழுறது அங்க நடக்குற விபத்து. டூல்கிட் அண்ணன் போட்ட 40 மீட்டர் கணக்கு அப்படியே பொருந்தும்.

சட்ட அளவு இங்க 80 மி.கி., நம்ம ஊரை விடத் தளர்வு. ஆனா 2018 ஆகஸ்ட்ல இருந்து ஸ்னோமொபைல்ல போதையோட பிடிபட்டு தண்டனை வந்தா கார் லைசென்சும் போகும். "இது ரோட்டுல ஓடுற வண்டி இல்லையே"ங்கிற சாக்கு அன்னைக்கோட முடிஞ்சது.

செக்கானூரணி டூல்கிட்:

மலை ரோடுன்னதும் ஒண்ணு சேர்த்துக்கிறேன். இறக்கத்துல ஏறின கியர்லயே இறங்கணும், ரெண்டு இல்லன்னா மூணு. போதையில நியூட்ரல்ல விட்டுட்டு பிரேக்லயே தொங்குவாங்க. டிரம் பிரேக் சூடேறினா பிடிப்பு குறைஞ்சுக்கிட்டே போகும், மிதிச்சாலும் நிக்காது. ஸ்கூட்டர்ல ஆக்சிலேட்டரை விட்டா வேகம் குறையக் குறைய கிளட்ச் விலகிரும், இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. சிறுமலையில 18 கொண்டை ஊசி வளைவு இருக்கு. நிதானமா இருக்கிறவனுக்கே கவனம் வேணும்.

கள்ளந்திரி வாய்க்கால்:

எல்லாருக்கும் நன்றி. இப்ப ஏற்பாடு பக்கம் வருவோம். அறுபது பைக் வர்ற விருந்துல வீட்டுக்காரங்க செய்யக்கூடியது என்ன?

ஆண்டிபட்டி கணவாய்:

பத்திரிகையிலயே "பைக்கில் வர வேண்டாம், வேன் உண்டு" என்று நேரத்தோட அடிச்சுருங்க. காலையில மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஒரு நடை, சாயங்காலம் ரெண்டு நடை. தேனி, உசிலம்பட்டி பஸ்சும் அங்கிருந்துதான். கோயில் உள்ளே தள்ளி இருந்தா மெயின் ரோடு ஸ்டாப்புக்கு ஒரு ஆட்டோ பேசி வச்சா போதும்.

வேன் மஞ்சள் போர்டா இருக்கணும். சரக்கு ஏத்துற மினி லாரியில ஆளை ஏத்தாதீங்க. கவிழ்ந்தா ஒரே நேரத்துல இருபது பேர், இன்சூரன்சும் கை கழுவும். டிரைவருக்கு முதல் பந்தியிலயே சோறு போட்டு வேன்கிட்டயே இருக்கச் சொல்லுங்க. அவரைத் தோப்புக்குள்ள கூப்பிடுற மாமன் மச்சானை முதல்ல தடுக்கணும்.

சாவி வாங்குறது பாட்டில் திறக்குறதுக்கு முன்னாடி. பின்னாடி போய்க் கேட்டா சண்டைதான் வரும். முடிவு எடுக்கிற மூளைதான் முதல்ல மங்குது, அதனால அந்த முடிவை வீட்டுல சட்டை மாட்டும்போதே எடுத்துரணும். இது வீட்டுக்காரங்க செய்ற உதவி மட்டும்தான். பொறுப்பு அந்தச் சாவிய வச்சிருக்கிற ஆளோடது.

வைகை வடகரை:

ராத்திரி தங்குறவங்களையும் மறந்துறாதீங்க. 9 மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு குவார்ட்டர் போட்டவர் காலையில 7 மணிக்குப் பல் விளக்கிட்டுப் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல விடக் கிளம்பினா, ரத்தத்துல இன்னும் சுமார் 130 மி.கி. இருக்கும். 30-க்கு இறங்க மதியம் ஒன்றரை தாண்டும். கணக்குல ராத்திரியை விட ஜனங்க ஏமாறுறது இந்தக் காலை நேரத்துலதான்.

பழங்காநத்தம் பாண்டி:

இந்தக் காலைக் கணக்கு எனக்குத் தெரியாது. சரி, சாவியக் கொடுக்க மாட்டேன்னு அடம் பிடிக்கிற ஆளை என்ன செய்றது? பியூஸைக் கழட்டிறலாமா?

செக்கானூரணி டூல்கிட்:

புது எப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சுற) வண்டியில பேட்டரி பக்கத்துல இருக்கிற மெயின் பியூஸை எடுத்தா ஸ்டார்ட் ஆகாது. பழைய கார்புரேட்டர் வண்டி பலதுல பேட்டரியே இல்லாட்டியும் கிக்கர்ல கிளம்பிரும். பிளக் கேப்பைப் பிடுங்கினா திரும்ப மாட்ட அஞ்சு செகண்ட். தேய்ஞ்ச லாக்குல பக்கத்து வண்டிச் சாவியே திறக்கும், சாவிய வாங்கினா மட்டும் போதாது.

எளிய வழி, ஆறு மீட்டர் இரும்புச் சங்கிலி ஒண்ணு, பெரிய பூட்டு ஒண்ணு. பைக்கை வரிசையா நிறுத்தி முன் சக்கரம் வழியா சங்கிலிய ஓட்டி மரத்தோட பூட்டுங்க. ஒரு சங்கிலிக்கு ஏழெட்டு வண்டி. டிஸ்க்குல படாம, ஸ்போக்குக்கு நடுவுல விடணும். அலாய் வீல்னா இன்னும் சுலபம். பூட்டுச் சாவி குடிக்காத ஒரு அத்தை முந்தானையில இருக்கட்டும். நம்ம பக்கம் அவங்ககிட்ட யாரும் குரலை உசத்த மாட்டாங்க. வண்டியெல்லாம் அங்கயே கிடக்கட்டும், மறுநாள் மதியம் ரெண்டு மணிக்கு மேல வந்து எடுத்துக்கலாம்.